உப்புத் தண்ணீரில் தோய்த்த அச்சு

அந்தச் சத்தம் அந்தோணி மேஸ்திரியின் காதில் மட்டும்தான் விழுந்தது. பெரிய சத்தம் ஒன்றுமில்லை. நகத்தால் சட்டியைச் சுண்டினால் வருமே, அந்த அளவுதான். கேட்ட மாத்திரத்தில் கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்தான். தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்துச் சாம்பலின் மேல் வைத்திருந்த எஃகு அச்சு, தனக்கு ஒன்றுமே தெரியாது என்பதுபோல ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

குனிந்து நாலு பக்கமும் பார்த்தான். கீறல் எதுவும் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. பட்டறையில் அப்போது அவனைத் தவிர இரண்டு பேர் இருந்தார்கள். தங்கை புருஷன் ராயப்பன் அரத்தைத் துடைத்தபடி எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தான். சம்மட்டிக்கு வார் இழுக்கிற காசி துருத்திப் பக்கம் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர்களுக்குக் கேட்கவில்லை என்பது முதலில் ஆறுதலாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவே பயமாக மாறிவிட்டது. தெரிந்தவன் ஒருவன்தான் என்றால், சொல்லவேண்டியவனும் அந்த ஒருவன்தானே.

அது சண்டை நடந்த காலம். சீமையில் பீரங்கி இழுக்கிற குதிரைகளுக்கு வார் வேண்டும், வாரைப் பூட்டுகிற இரும்புப் பக்கிள் வேண்டும் என்று சர்க்கார் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆம்பூரில் பாலாற்றை ஒட்டித் தோல் ஷாப்பு வைத்திருந்த முனீர் அகமது சாயபு, வாரை நாம் தைக்கிறோம், பக்கிளுக்கு மட்டும் எதற்கு மதராஸ்காரன் தாடையைப் பிடிக்கவேண்டும் என்று ஷாப்புக்குப் பின்னாலேயே ஒரு பட்டறை போட்டார். ஜோலார்பேட்டை ரயில் ஷெட்டில் கொல்லு வேலை பார்த்த அந்தோணியை மேஸ்திரியாகக் கூட்டிவந்தார்.

ஒரு வருஷம் கையால் அடித்துப் பார்த்தார்கள், ஒரு பக்கிள் போல் இன்னொரு பக்கிள் வரவில்லை. சர்க்காருக்கோ எல்லாம் ஒரே அளவில் இருந்தாகவேண்டும். அதனால் அந்தோணி ஒரு தூக்குச் சம்மட்டி நிறுத்தினான். இரண்டு மரத்தூண், நடுவில் நாலு மணங்கு எடையில் ஒரு இரும்புக் கட்டி, மேலே ஒரு சக்கரம், சக்கரத்தின் மேல் எருமைத்தோல் வார். காசி வாரை இழுத்தால் கட்டி மேலே போகும், விட்டால் இடிபோல் விழும். கட்டிக்கு அடியில் பாதி அச்சு, கீழே கல்லின் மேல் பாதி அச்சு. பழுக்கக் காய்ந்த இரும்பை நடுவில் வைத்தால் ஒரே அடியில் பக்கிள். குறடு பிடித்து இரும்பை வைத்து எடுக்கிறவன் பலகையில் உட்கார்ந்திருப்பான். அவன் முகத்துக்கும் அச்சுக்கும் இரண்டு முழம்கூட இருக்காது. குறடு பிடிப்பது ராயப்பன்.

அச்சை எதில் செய்வது என்பதில்தான் எல்லா வில்லங்கமும். மெத்தென்ற இரும்பில் செய்தால் நூறு அடிக்குள் குழி அமுங்கி, பக்கிள் பூசணிப்பிஞ்சு மாதிரி வரும். வார்ப்பிரும்பு உருவத்தைக் காப்பாற்றும், அடியைத் தாங்காது. அந்தோணி முதலில் வார்ப்பிரும்பில்தான் செய்தான். மூன்றாம் நாள் அது இரண்டாகப் பிளந்து நின்ற இடத்திலேயே சாய்ந்தது, யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. வார்ப்பிரும்பில் அந்த மட்டுக்கும் ஒரு யோக்கியம் உண்டு. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி இறுகத் தோய்த்த எஃகு அப்படியல்ல. அது லேசில் உடையாது, உடைந்தால் பறக்கும்.

பறந்ததை அவன் ஷெட்டில் பார்த்திருக்கிறான். யாரோ அளவுக்கு மீறி இறுகத் தோய்த்துவிட்ட உளி ஒன்று, சம்மட்டி பட்டதும் தலை சிதறி, மல்லாட்டைப் பருப்பு அளவு ஒரு சில்லு எதிரில் நின்றவன் தொண்டையில் புகுந்தது. அந்த மனிதன் தண்ணீர் கேட்டுக்கொண்டு கீழே உட்கார்ந்தான். தண்ணீர் வருவதற்குள் முடிந்துவிட்டது. ரத்தம்கூட அதிகமில்லை. பன்னிரண்டு வருஷமாகியும் உளியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தோணி அதன் தலையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வான்.

ஆகவே வார்ப்பிரும்பு உடைந்த அன்றே அவன் மனசில் தீர்மானம் ஆகிவிட்டது. ரயில்வே ஏலத்தில் சாயபு எடுத்துப் போட்ட பழைய பெட்டி இருசு ஒன்று பட்டறை மூலையில் கிடந்தது. சக்கரம் தாங்குகிற இருசு ரொம்ப இறுக்கமும் இல்லை, ரொம்ப மெத்தும் இல்லை. ஆயிரம் அடிக்கு ஒருமுறை குழியைச் செதுக்கிக்கொள்ள வேண்டிவரும், ஆனால் ஒருநாளும் ஆளை அடிக்காது. வெள்ளிக்கிழமை அதை அறுப்பதாக இருந்தான்.

வியாழக்கிழமை முனீர் அகமது சாயபு மதராஸிலிருந்து வந்து இறங்கினார். கையில் துணி சுற்றின ஒரு கட்டி. அசல் சீமை எஃகு, வெள்ளைக்காரன் இதைக் கொண்டு இரும்பையே சீவுகிறான் என்றார். யாரையும் தொடவிடாமல் ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். பொம்மை வாங்கின பிள்ளையின் சந்தோஷம் முகத்தில் வழிய, எல்லோர் எதிரிலும் அதை அந்தோணியின் கையில் கொடுத்து, அச்சுக்கு ஆகுமா என்று கேட்டார்.

இரும்பைச் சீவுகிற எஃகு வேறு, அடி வாங்குகிற எஃகு வேறு. இந்த ஒரு வரியை அவன் சொல்லியிருக்கவேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மூன்று நாளைக்கு முன்னால்தான் அவன் செய்த அச்சு பிளந்து கிடந்தது, சாயபு அதைச் செருப்பு நுனியால் தள்ளிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போயிருந்தார். அந்தப் பேசாத முகம் நினைவுக்கு வந்தது. வாய் தானாக, ஆகும் சாயபு, இதுக்கு மேல உசத்தி ஏது என்றது. அத்தோடு நிறுத்தினானா? இது உடைந்தால் நான் இனிமேல் உலைக்குப் பக்கத்திலேயே வரமாட்டேன் என்று சபதம் வேறு. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

இரண்டு நாள் செதுக்கினான். சனிக்கிழமை அச்சை உலையில் வைத்துச் செம்பழமாகக் காய்ச்சியபின் பார்த்தால் தோய்க்கிற தொட்டியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. வழக்கமாகக் காசி ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் கொண்டுவருவான். அன்றைக்கும் ஆற்றுக்குப் போகட்டுமா என்று கேட்டான். அச்சு உலையில் பழுத்து நிற்கிறது, வாசலில் சாயபு நிற்கிறார். எந்தத் தண்ணியாக இருந்தால் என்ன, கிட்ட இருப்பதை ஊற்று என்று அந்தோணி அதட்டினான். காசி தோல் ஊறப்போடுகிற தொட்டிகளுக்குப் பக்கத்துக் கிணற்றிலிருந்து எட்டுக் குடம் கொண்டுவந்து ஊற்றினான்.

சத்தம் கேட்டபிறகுதான் அந்தோணிக்குப் பொறி தட்டியது. தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தான். உப்பு. ஊர் ஊராக வருகிற தோலெல்லாம் உப்புப் போட்டுத்தான் வருகிறது, அந்த உப்பையெல்லாம் அங்கேதான் அலசுகிறார்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீரை மாடுகூட மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். நல்ல தண்ணீரே அந்த எஃகுக்கு அதிகம், எண்ணெயில் தோய்த்திருக்கவேண்டும். உப்புத் தண்ணீர் சூட்டை ஒரே வெடுக்கில் பிடுங்கிவிடும், உள்ளே ஒரு வேகம், வெளியே ஒரு வேகம் என்று இழுபட்டு எஃகு எங்கேயோ விட்டுக்கொடுத்துவிடும். விட்டுக்கொடுத்த சத்தம்தான் அது. இல்லை, சாம்பலில் கரி ஏதாவது வெடித்த சத்தமோ? அதுவாகவும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டான். நினைத்துப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

வாசலிலிருந்து சாயபு, ஆயிற்றா என்று கேட்டார். ஆயிற்று என்றான். திங்கட்கிழமை தொடங்கிவிடலாமா என்றார். தொடங்கலாம் என்றான்.

அது வெடித்திருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க வழி இல்லாமலில்லை. ரயில் ஷெட்டில் இருசைச் சோதிக்கிற விதம் அவனுக்குத் தெரியும். மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்துவிட்டு, மேலே சுண்ணாம்புத் தூளைத் தூவவேண்டும். வெடிப்பு இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளையில் கறுப்புக் கோடாக எழும். மண்ணெண்ணெய் லாந்தரிலேயே இருந்தது. சுண்ணாம்புக்கா தோல் ஷாப்பில் பஞ்சம்? எல்லோரும் போனபிறகு அந்தோணி லாந்தரைக் கையில் எடுத்தான், திரியைக் கழற்றினான், பிறகு மறுபடியும் மாட்டி வைத்துவிட்டான். கோடு எழுந்துவிட்டால் வியாழக்கிழமை சொன்ன பொய், அன்றைக்கு விட்ட சபதம், இந்த உப்புத் தண்ணீர் எல்லாம் சேர்ந்து எழுந்துவிடும். பார்க்காதவரைக்கும் அச்சு முழுசு. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்று கேட்கலாம். பயந்த பூனையைக் கேட்டுப் பாருங்கள், இருண்டுவிடும் என்றுதான் சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டான். இரண்டு சண்டையையும் ஒரு கள்ளுக்குடியையும் சாமியாரிடம் சொன்னான். வேறு உண்டா என்று அவர் கேட்டார். இல்லை சாமி என்றான். கோவிலில் ராயப்பன் அவனுக்கு முன்வரிசையில் நின்றிருந்தான். பாட்டுப் பாடும்போது அவன் பிடரியில் நரம்பு எழுந்து எழுந்து அடங்கியது. அதற்குமேல் அந்தோணிக்குப் பீடத்தைப் பார்க்க முடியவில்லை, அந்தப் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் தங்கை வீட்டில் சாப்பாடு. அமிர்தவள்ளிக்கு ஏழு மாசம். மூச்சு வாங்கிக்கொண்டு அண்ணனுக்குப் பரிமாறினாள், இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்று மல்லுக்கு நின்றாள். ராயப்பன் நாளைக்குப் பொழுது சாய்வதற்குள் முந்நூறு பக்கிள் எடுத்துக் காட்டுவதாகவும், புது அச்சில் முதல் பக்கிளைத் தன் பிள்ளைக்கு அரைஞாணில் கட்டப்போவதாகவும் சொல்லிச் சிரிப்பு மூட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தோணிக்கு அவன் பேசும்போது ஏறி இறங்குகிற தொண்டைக்குழி மட்டும்தான் தெரிந்தது. பிசைந்த சோறு பிசைந்தபடியே இருந்தது.

வீட்டுக்கு வருகிற வழியில் அவன் பெண்டாட்டி சவுரியம்மாள் பிடித்துக்கொண்டாள். நேற்றிலிருந்து பார்க்கிறாள், சோறு இறங்கவில்லை, கூப்பிட்டால் திடுக்கிடுகிறான். புளியமரத்து நிழலில் நிறுத்திக் கேட்டாள். அச்சு வெடித்திருக்குமோ என்று ஒரு சந்தேகம் என்று தொடங்கியவன், வெடித்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட்டான்.

"சாயபு கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

சவுரியம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளுக்கும் அந்தச் சபதம் தெரியும், ஊருக்கே தெரியும். சொன்னால் வேலை போகும் என்று அவளும் நினைத்தாள். ரயில் ஷெட்டைவிட்டு வந்தவனை அங்கே திரும்பச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

"அப்போ அமிர்தம் புருஷனை மட்டும் அந்தப் பலகைல உக்கார வெக்காத. வாயும் வயிறுமா இருக்கா அவ. வேற யாரையாச்சும் உக்கார வை."

அந்தோணிக்குக் கோபம் வந்துவிட்டது. வேறு யாரை உட்காரவைப்பது, யாரைப் பார்த்தால் உனக்கு மனுஷனாகத் தெரியவில்லை என்று எகிறினான். பிறகு குரல் தணிந்து, "நானே உக்கார்றேன்" என்றான். சொன்ன பிறகுதான் அதை யோசித்தான். யோசிக்க யோசிக்க நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கியது. செய்தவன் அவன், வந்தால் அவனுக்கே வரட்டும், அதற்குமேல் நியாயம் என்ன இருக்கிறது? சவுரியம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுதாள். அவள் அழுதது அவனுக்கு இதமாகக்கூட இருந்தது. தியாகம் செய்யக் கிளம்புகிறவனுக்கு அழ ஒரு ஆள் தேவைப்படுகிறது.

திங்கட்கிழமை காலையில் அவன் கழுத்தைச் சுற்றி எருமைத்தோல் துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு பலகையில் உட்கார்ந்ததும் பட்டறையில் கேலி கிளம்பியது. ராயப்பனுக்குக் கொஞ்சம் கோபம்கூட. நான் பிடிக்கிற குறட்டில் என்ன குறை கண்டாய் மச்சான் என்றான். என் கை பட்ட அச்சு, முதல் நாள் நானே அடித்துப் பார்க்கிறேன் என்று அந்தோணி மழுப்பினான். மேஸ்திரிக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது என்று ராயப்பன் அரத்தை எடுத்துக்கொண்டு பிசிர் ராவுகிற இடத்துக்குப் போனான். காசி வழக்கம்போல் மேலுக்கு ஒன்றுமில்லாமல், அச்சுக்கு மறுபக்கம் காலை அகட்டி நின்று வாரைப் பிடித்தான்.

அந்தோணி முதல் இரும்பை அச்சில் வைத்தான். "விடு" என்றான். கட்டி விழுந்தது. மண் அதிர்ந்தது. கண்ணை மூடித் திறந்தான், உயிரோடுதான் இருந்தான். குறட்டில் செக்கச்செவேல் என்று ஒரு பக்கிள், அச்சு அசலாக. சாயபு மாஷா அல்லா என்றார்.

இரண்டு, மூன்று, பத்து. ஒவ்வோர் அடிக்கும் முன்னால் ஒரு மங்கள வார்த்தை செபத்தில் பாதி சொன்னான், மீதிப் பாதிக்குள் கட்டி விழுந்துவிடும். முதுகில் வியர்வை ஊற்றியது. அடிகளை எண்ணாமல் இருக்கமுடியவில்லை. இருபது. முப்பது. ஒருவேளை சாம்பலில் வெடித்தது கரிதானோ? நாற்பதுக்கு மேல் அவனுக்கு ஒரு துளி நம்பிக்கை வந்தது. நம்பிக்கை வந்ததும் பயம் இன்னும் கூடிவிட்டது, இப்போது இழப்பதற்கு ஏதோ இருப்பதுபோல.

நாற்பத்தாறாவது பக்கிளை எடுத்துத் திருப்பினான். அதன் ஓரத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு, மேலே புடைத்து நின்றது.

வேறு யாருக்கும் அது பிசிராகத்தான் தெரியும். அவனுக்குத் தெரியும், அச்சில் பிளவு வாயைத் திறந்துவிட்டது, அடி விழும்போது பழுத்த இரும்பு அதற்குள்ளும் புகுந்து அச்சுக் குத்திக்கொண்டு வருகிறது. சந்தேகம் என்கிற போர்வை கிழிந்துவிட்டது. உடனே எழுந்திருக்கவேண்டும். தூணுக்குப் பக்கத்தில் சாயபு ஒரு பக்கிளை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, குமாஸ்தாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தோணி அந்த நாற்பத்தாறாவது பக்கிளைக் குவியலுக்கு அடியில் செருகினான். அடுத்த இரும்பை எடுத்து வைத்தான்.

"விடு" என்றான்.

கோடு தடித்துக்கொண்டே வந்தது. இன்னும் ஒன்று, அவர் போய்விடட்டும் என்று நினைத்தான். இன்னும் ஒன்று. சாயபு நகரவில்லை. ஒவ்வோர் அடிக்கும் தாடையை இறுக்கிக்கொண்டான், தலையைக் கழுத்துத் தோலுக்குள் இழுத்துக்கொண்டான். சாகப்போகிறேன், என் தப்புக்கு நான் சாகிறேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். அதில் அவனுக்கு ஒரு நிமிர்வுகூட இருந்தது.

கூழ் குடிக்கிற நேரம் வந்தது. அவன் எழுந்து தொட்டித் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு திரும்பினால், ராயப்பன் பலகையில் உட்கார்ந்திருந்தான். மேஸ்திரி அடித்தது போதும், இனி வேலைக்காரன் அடிக்கட்டும் என்று சிரித்துக்கொண்டே உலையிலிருந்து இரும்பை எடுத்து அச்சில் வைத்துவிட்டான். குனிந்து, இரும்பு நேராக இருக்கிறதா என்று பார்த்தான். காசி வாரை இழுத்து நிறுத்தியிருந்தான். நாலு மணங்கும் மேலே தொங்கியது.

"காசி, விடாத."

அந்தோணிக்கே தன் குரல் அடையாளம் தெரியவில்லை. காசி விடவில்லை. புஜம் நடுங்க வாரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மெதுவா எறக்கு. மாப்ளே, நீ எழுந்திரு. அச்சு வெடிச்சிருக்கு."

கட்டி கீழே வந்து உட்கார்ந்தது. சாயபு கிட்டே வந்து குனிந்து பார்த்தார், எங்கே வெடிப்பு என்று கேட்டார். அந்தோணி லாந்தரை எடுத்தான். அச்சு ஆறட்டும் என்று காத்திருந்து, எண்ணெயை ஊற்றித் துடைத்து, சுண்ணாம்புத் தூளைத் தூவினான். எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஒரு வெற்றிலை போடுகிற நேரம் ஆனது. வெள்ளையில் கறுப்பாக ஒரு இழை எழுந்தது. குழியின் மூலையிலிருந்து புறப்பட்டு, வளைந்து, அச்சின் ஓரம்வரைக்கும் போய் வெளியேறியது. அந்த மூலை முழுவதும் அப்படியே பிய்ந்துகொள்ளக் காத்திருந்தது.

எப்போதிலிருந்து தெரியும் என்று சாயபு கேட்டார். இனி மறைக்க ஒன்றுமில்லை. சனிக்கிழமை கேட்ட சத்தத்தைச் சொன்னான், உப்புத் தண்ணீரைச் சொன்னான், வியாழக்கிழமையே இந்த எஃகு ஆகாது என்று தெரிந்தும் ஆகும் என்றதைச் சொன்னான். சொல்லிவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். இரண்டு நாளாக அவனைத் தின்ற பயம் முழுக்க இந்த நிமிஷத்தைப் பற்றியதுதான்.

முனீர் அகமது சாயபு மூலையில் கிடந்த இருசின் மேல் போய் உட்கார்ந்தார். கோபத்தைவிட வருத்தம்தான் அவர் முகத்தில் இருந்தது.

"இது ஆகாது சாயபுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன் அந்தோணி? இந்த இருசை அறுன்னு சொல்லியிருப்பேன். எனக்கு எஃகப் பத்தி இன்னா தெரியும்? தெரிஞ்சவன்னுதான உன்ன கூட்டியாந்தேன்."

அவ்வளவுதான். சபதத்தைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. இன்றைக்கே இருசை அறுக்கத் தொடங்கு, தோய்க்கும்போது எண்ணெயோ தண்ணீரோ எது வேண்டுமோ கேட்டு வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டுக் குமாஸ்தாவோடு ஷாப்புக்குள் போய்விட்டார். அந்தோணி கழுத்தில் கட்டியிருந்த தோலை அவிழ்த்தான். இதற்கா? இந்த இரண்டு வரிக்கா இத்தனை பயந்தேன்? ராயப்பன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். எனக்காகவா மச்சான் நீ உட்கார்ந்தாய் என்று கேட்டபோது அவன் குரல் உடைந்தது. அந்தோணிக்கும் கண் கலங்கிவிட்டது. ஒரு பொல்லாத கனவு கலைந்தாற்போல, அழலாம், சிரிக்கலாம் என்று இருந்தது.

காசி மட்டும் அச்சுக்குப் பக்கத்திலிருந்து நகரவில்லை. சுண்ணாம்பில் எழுந்த கோட்டை விரலால் தொடாமல், மேலேயே விரலை ஓட்டிக்கொண்டு போனான். கோடு பலகைப் பக்கம் திரும்பவே இல்லை. எதிர்ப்பக்கமாக வளைந்து, எதிர்ப்பக்கத்து ஓரத்தில் முடிந்தது. முடிந்த இடத்துக்கு நேராகத் தரையில், வேலை தொடங்கியதிலிருந்து காலை அகட்டி நின்று நின்று அழுத்தின இரண்டு பாதத் தடம் இருந்தது.

அந்தோணி அதைப் பார்த்தான். ராயப்பனின் கை இன்னும் அவன் தோளில் இருந்தது. சனிக்கிழமையிலிருந்து எத்தனை தரம் இந்தப் பட்டறையை மனசுக்குள் போட்டுப் பார்த்திருக்கிறான். ராயப்பன் தொண்டையில் சில்லு பாய்வதைப் பார்த்தான், தன் தொண்டையில் பாய்வதைப் பார்த்தான். அத்தனை தரத்திலும் வாரின் நுனியில் யாரும் இருந்ததில்லை. கட்டி தானாக ஏறியது, தானாக விழுந்தது.

"மேஸ்திரி," என்றான் காசி. குரலை உயர்த்தவில்லை. "சனிக்கெழம சந்தேகம்னு சொன்ன. சரி. வெடிச்சது நெசந்தான்னு உனக்கு எப்போ தெரிஞ்சது?"

"பக்கிள்ல ஒரு கோடு விழுந்தது. அப்போ."

"அதுக்கப்புறம் எத்தினி அடி உட்டேன் நானு?"

இரண்டு மூன்று என்று சொல்லியிருக்கலாம். எண்ணியவன் அவன் ஒருவன்தான், வேறு யாருக்கும் தெரியாது. வியாழக்கிழமை வந்ததுபோல் பொய் நாக்குக்குத் தயாராக வந்து நின்றது. காசியின் முகத்தைப் பார்த்தான். ஒரு வருஷமாக எதிரும் புதிருமாக வேலை செய்தவனின் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் அன்றைக்குத்தான் பார்த்தான்.

"பதினேழு."

காசி தரையில் இருந்த தடத்தைப் பார்த்தான். பிறகு தூணில் கிடந்த துண்டை எடுத்து, அந்த உச்சி வெயிலில், வெறும் மார்பை இரண்டு சுற்று இறுகப் போர்த்திக்கொண்டான்.